இடக்கை செய்யும் சவரம்

வேறு யாராவது என் மூக்கு நுனியைப் பிடித்துத் தூக்கினால் கோபம் வரும். மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டே நாற்காலி போட்ட ஒரு சலூனில் மட்டும் அதற்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறேன். கடைக்காரப் பெரியவர் இடக்கைக் கட்டைவிரலால் மூக்கை லேசாக மேலே தள்ளி, "ஸ்வல்ப மேலெ நோடி சார்" என்பார். நான் விட்டத்தைப் பார்ப்பேன். மூன்றே இழுப்பு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள அந்தக் கையகலம்கூட இல்லாத நிலம் மழுங்கிவிடும்.

பல வருஷமாக அவருடைய வலக்கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி அங்கேதானே இருக்கிறது! அந்தத் தைரியத்தில் ஒருமுறை பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்றை வாங்கி, வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நானே முயன்றேன். கன்னங்கள் இரண்டும் அழகாக வந்தன. மோவாயில் மூன்று வெட்டு, கழுத்தில் ஒன்று. அடுத்த வாரம் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையை விட்டுவிட்டுக் கண்ணாடியில் இடக்கையைக் கவனித்தேன். அது ஒரு கணமும் சும்மா இல்லை. காதோரத்தை மேலே இழுக்கிறது, தாடைத் தோலைக் கன்னத்துக்கு ஏற்றுகிறது, மோவாயைக் கிள்ளிப் பிடிக்கிறது, கழுத்துத் தோலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கத்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது. அது போவதற்கான பாதையை இடக்கை போட்டுக்கொண்டே இருக்கிறது.

முதலில் வெட்டப்படும் பொருளைப் பார்த்துவிடுவோம். ஒரு ஆணின் முகத்தில் சுமார் 10,000 முதல் 25,000 மயிர்கள் வரை இருக்கும். நாளுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். தலைமயிரைவிடத் தாடி மயிர் தடிமன். அதன் உடல் கெரட்டின் என்னும் புரதம். நகமும் மாட்டுக் கொம்பும் அதே இனம்தான். காய்ந்த தாடி மயிரை அதே தடிமனுள்ள செம்புக் கம்பிக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் தண்ணீர் பட்டால் கதை மாறுகிறது. கெரட்டின் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிணைத்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள் நீர் மூலக்கூறுகள் புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகின்றன. மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரைக் குடித்து, ஊதி, இளகுகிறது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினாலே வெட்டத் தேவையான விசை நன்றாகக் குறைந்துவிடும். சோப்பு நுரையின் வேலை வழுக்கல் மட்டும் என்று நினைப்பது தவறு. மயிரின் மேல் படிந்த எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடுகிறது. அப்போதுதான் நீர் உள்ளே போகும். பிறகு அந்த நீர் ஆவியாகாமல் போர்வைபோல் மூடி வைக்கிறது. பெரியவர் பிரஷ்ஷைப் போட்டு அவ்வளவு நேரம் சுழற்றுவது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் அரசியல் பேசுவதற்காக மட்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்தது, கத்தி ஏன் தோலை விட்டுவிட்டு மயிரை மட்டும் வெட்டுகிறது என்பது. இதை யோசித்தால் சவரம் என்பதே ஒரு அதிசயம். தக்காளியைக் கத்தியால் நேராக அழுத்திப் பாருங்கள், நசுங்கும். அதே கத்தியை லேசாக நீளவாக்கில் இழுத்தால் தோல் கிழிந்து வழி விடும். மென்மையான பொருள்களெல்லாம் அப்படித்தான்: அழுத்தத்தைத் தாங்கும், கூரின் நெடுக்கில் வரும் இழுப்பைத் தாங்காது. காகித ஓரம் விரலை வெட்டுவதும் இப்படித்தான். சவரக்கத்தியின் கூர் தனக்குச் செங்குத்தான திசையில் நகரும்வரை தோல் அதற்கு அடியில் அமுங்கி ஒதுங்கிக்கொள்கிறது. விறைத்து நிற்கும் மயிர் மாட்டிக்கொள்கிறது. கத்தி ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நழுவினால் போதும், தக்காளிதான். என் வீட்டுச் சவரத்தின் நான்கு வெட்டுகளும் மெல்லிய நேர்கோடுகளாக இருந்ததன் காரணம் இது.

கோணமும் முக்கியம். கத்தியின் தடித்த முதுகுக்கும் தோலுக்கும் இடையே சுமார் 30 பாகை. அதைவிடப் படுத்தால் மயிரை வெட்டாமல் பிடுங்கும். நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். கன்னத்தில் இந்தக் கோணத்தைக் காப்பது சுலபம். ஏனென்றால் கன்னம் கிட்டத்தட்ட ஒரு குழாயின் பக்கம்: ஒரு திசையில் வளையும், மறு திசையில் நேராக இருக்கும். அந்த நேரான திசையில் கத்தியை வைத்தால் கூர் முழுவதும் தோலில் படியும். மோவாயோ தேங்காய். எந்தப் பக்கம் திருப்பினாலும் வளைவு. நேரான ஒரு விளிம்பை உருண்டையின் மேல் வைத்தால் அது ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். கை கொடுக்கும் விசை அதேதான், தாங்கும் பரப்பு மட்டும் சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. அழுத்தம் பல மடங்கு. கீழுதட்டுக்கு அடியில் உள்ள குழியில் இதற்கு நேர் எதிர்: கத்தி இரு கரைகளிலும் பாலம்போல் உட்கார்ந்துகொள்ளும், நடுப்பள்ளத்து மயிர் பத்திரமாக இருக்கும். மேட்டில் வெட்டும், பள்ளத்தில் விட்டுப்போகும். சவரத்தில் கடினமான இடம் என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான், கழுத்து நீங்கலாக.

நல்ல வேளை, முகம் தேங்காய் ஓடு இல்லை. எலும்பின் மேல் தளர்வாகப் போர்த்திய துணி. துணியை நகர்த்தலாம். நகர்த்தினால் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் ரசமான விஷயம் இருக்கிறது. தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் நார்கள் சாதாரணமாக நெளிநெளியாகக் கிடக்கும். இழுக்கத் தொடங்கியதும் நெளிவுகள் நிமிரும், அதுவரை தோல் தாராளமாகத் தரும். நார்கள் எல்லாம் நேரானதும் சட்டென்று இறுகும். ரப்பரைப் போலச் சீராக நீளாது. முதலில் இளகி, பிறகு பூட்டிக்கொள்ளும். பெரியவரின் விரல் அந்தப் பூட்டு விழும் இடம்வரை இழுத்து, அங்கே நிற்கிறது. அதற்குக் குறைவாக இழுத்தால் கத்தியின் முன்னால் தோல் அலைபோல் மடிந்து எழும். கூர் அந்த அலையில்தான் ஏறி வெட்டும். அதற்கு மேல் இழுத்தால் மயிர் தன் குழியிலிருந்து கொஞ்சம் வெளியே வந்து வெட்டுப்படும். விட்டதும் வெட்டிய முனை தோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சுருட்டை மயிர்க்காரர்களுக்கு அந்த முனை உள்ளேயே வளைந்து வளர்ந்து, கழுத்தெல்லாம் செம்பருக்கள் கிளம்புவது இதனால்தான். வழவழவென்று வேண்டும் என்று இன்னொரு தரம், மற்றொரு தரம் என்று கேட்பவர்கள் கவனிக்க.

எந்தத் திசையில் இழுத்தால் தோல் எவ்வளவு தரும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். 1861-இல் வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்றியலார் சடலங்களின் தோலில் உருண்டையான ஊசியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் திறந்தன. உடல் முழுவதும் தோல் ஏதோ ஒரு திசையில் எப்போதும் இழுபட்டே இருக்கிறது என்று அவை காட்டின. இன்றும் அறுவை மருத்துவர்கள் தழும்பு தெரியாமல் வெட்ட அந்தக் கோடுகளைப் பார்க்கிறார்கள். சலூன்காரர்களுக்கு லாங்கர் பெயர் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

இப்போது மூக்குக்கு அடியில் வருவோம். உடம்பை அசைக்கும் மற்ற தசைகள் பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகும். முகத் தசைகள் பல நேராகத் தோலிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் நம்மால் சிரிக்கவும் சுளிக்கவும் முடிகிறது, அதனால்தான் மேலுதட்டில் கத்தி இருக்கும்போது சிரிப்பது ஆபத்து. இதில் ஒரு அனுகூலமும் உண்டு: சவரம் செய்துகொள்பவரே தன் தோலை இழுத்துக் கொடுக்கலாம். மேலுதட்டைப் பல்லின் மேல் கீழாக இறக்கினால் பள்ளம் பாதி நிரவப்படும். மூக்கைத் தூக்கினால் மிச்சமும் நிரவும். இடம் குறுகல் என்பதால் கத்தியின் நுனி அரை அங்குலத்தை மட்டும் வைத்து, குட்டி குட்டி இழுப்பாக, நேர் கீழே. இங்கே மயிர் அடர்த்தி அதிகம், நரம்பு முனைகளும் நெருக்கம். மழுங்கிய கத்தி ஒரு மயிரை இழுத்தால் கண்ணில் நீர் வந்துவிடுகிறதே, அது அழுகை இல்லை. முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஐந்தாம் மண்டை நரம்பைச் சீண்டினால் கண்ணீர்ச் சுரப்பி தானாகத் திறந்துகொள்ளும் அனிச்சை அது. இந்த வட்டாரத்துச் சிரைகள் கண்குழி வழியாக மண்டைக்குள் இருக்கும் இரத்தக் குழியோடு தொடர்புடையவை. அதனால் மூக்கடிப் பருவைக் கத்தியால் கீறிவிட்டால் அலட்சியம் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருமுன் இப்படிப்பட்ட அற்பப் புண்ணில் உயிர் போனவர்கள் உண்டு.

மோவாயின் தோல் தடிப்பு, அடியில் எலும்போடு இறுகப் பிடித்திருக்கும், மயிரும் முரடு. அதை நகர்த்தி நிரவ முடியாது. எனவே இங்கு மட்டும் வலக்கை வேறு வேலை செய்கிறது. கத்தி நேராகப் போகாமல் மணிக்கட்டுச் சுழற்சியில் அரிவாள்போல் வளைந்து போகும். தொடும் புள்ளி கத்தியின் நெடுக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டு நழுவல் வெட்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஆபத்துக்கு அரை அங்குலம் தள்ளி நடக்கும் வித்தை இது. நான் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

தாடையெலும்பின் விளிம்புக்கு இடக்கையின் தந்திரம் எளிமையானது: விளிம்பில் இருக்கும் தோலைக் கன்னத்துக்கு ஏற்றிவிடு, சமதரையில் வெட்டு, விட்டுவிடு. குரல்வளை மேட்டுக்கும் அப்படியே. தோலை ஒரு பக்கம் ஒதுக்கினால் மேடு இருந்த இடத்துத் தோல் பக்கத்துத் தசை மேல் வந்து உட்காரும். எச்சில் விழுங்கச் சொல்வதும் உண்டு. விழுங்கும்போது குருத்தெலும்பு மேலே போய் ஒரு கணம் வழிவிடும். கழுத்தில் உண்மையான சிக்கல் மயிரின் போக்கு. கன்னத்தில் எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தாடைக்கு அடியில் சில மேலே, சில காதைப் பார்த்து, சில வட்டமாக. தலைச்சுழிபோலக் கழுத்திலும் சுழி உண்டு, கன்னடத்தில் 'சுளி'. பெரியவர் நுரை போடுமுன் கட்டைவிரலால் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். சாய்ந்த திசையில் தடவினால் வழுக்கும், எதிரே தடவினால் சொரசொரக்கும். அந்த வரைபடத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் முதல் கை போடுகிறார்.

இத்தனையும் செய்தாலும் கத்தி மழுங்குகிறது. மயிரைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினம், பிறகு எப்படி? இந்தக் கேள்விக்கு 2020-இல்தான் நல்ல பதில் கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூகா ரோஷியோலி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் தாடியையே மழித்து, ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கூர் தேய்ந்து உருளவில்லை. சிறு சிறு சில்லுகளாக உடைந்திருந்தது. 'சயன்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வு சொல்வது: எஃகு பார்வைக்கு ஒரே சீராக இருந்தாலும் உள்ளே நுண்ணிய அளவில் கடினப் பகுதியும் இளகிய பகுதியும் மாறி மாறி இருக்கும். மயிர் வளைந்து கொடுத்து, கூரைச் சாய்வாக, அந்த இரண்டும் சேரும் எல்லையில் இடித்தால் விளிம்பு பிளவுபட்டுச் சில்லாகும். மயிர் வளையாமல் நேராக நின்றால் கூருக்குச் சேதமில்லை. தோலை இழுத்து மயிரை நிமிர்த்தும் அந்த இடக்கை கத்தியின் ஆயுளையும் கூட்டுகிறது என்று நான் இதை வாசித்துக்கொள்கிறேன். ஆய்வாளர்கள் அப்படி எழுதவில்லை.

எஃகின் உள்சீர்மை என்றதும் மைசூர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1799-இல் திப்பு வீழ்ந்த கையோடு, 1800-இல் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரைக் கும்பெனி அரசு மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுத அனுப்பியது. மாகடி வட்டாரத்தில் களிமண் மூசைகளில் எஃகு காய்ச்சுவதை அவர் விவரமாகக் குறித்திருக்கிறார். சென்னபட்டணத்தில் எஃகைக் கம்பியாக இழுத்து இசைக்கருவிகளுக்குத் தந்தி செய்வதையும் எழுதினார். சேலம் பக்கம் இதே தொழிலில் இரும்புத் துண்டோடு ஆவாரங் குச்சியைப் போட்டு, எருக்கிலையால் மூடி, மூசையின் வாயை மண்ணால் அடைத்துச் சூளையில் வைப்பார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் கரைந்து, சுமார் ஒன்றரை விழுக்காடு கார்பன் உள்ள எஃகுக் கட்டி கிடைக்கும். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. ஆங்கிலேயர் காதிலும் கையெழுத்திலும் அது சிதைந்து 'ஊட்ஸ்' ஆனது என்பது பரவலான கருத்து.

பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய ஊட்ஸ் கட்டிகளை ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து, 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' மைசூர்ப் போரோடு சேர்ந்த வேறொரு செய்தியைப் போட்டிருந்தது: திப்புவின் படையால் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு வைத்த கதை. தோலைப் பற்றிய அறிவும் எஃகும் ஏறக்குறைய ஒரே கப்பலில் போனதுபோல.

லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி இந்த எஃகில் மனம் பறிகொடுத்தார். அவரோடு கைகோத்தவர் மைக்கேல் ஃபாரடே, கொல்லன் மகன். மின்சாரத்தில் பெயர் வாங்குமுன், 1819 முதல் சில ஆண்டுகள் ஊட்ஸின் ரகசியத்தைத் தேடி ராயல் இன்ஸ்டிடியூஷன் அடுப்பில் எஃகு உருக்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். பிளாட்டினம், ரோடியம், வெள்ளி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி நன்றாக வந்தது. ரகசியம் பிடிபடவில்லை. ஆனால் சோதனையில் கிடைத்த உலோகத்தில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்கு அன்பளிப்பாகத் தருவது ஃபாரடேயின் வழக்கமாயிற்று. ஊட்ஸ் வாள்களில் தெரியும் நீரலை போன்ற கோடுகள், கார்பைடு என்னும் கடினத் துகள்கள் வரிசைகட்டி நிற்பதால் வருபவை. தாதில் துளியளவு இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள் அதற்குக் காரணம் என்று 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் செய்து காட்டினார்கள். வாளுக்கு அந்த வரிகள் அழகு. சவரக்கத்திக்கு வரியே கூடாது, மாவுபோல் சீரான எஃகுதான் வேண்டும் என்பதை எம்.ஐ.டி. தாடி சொல்லிவிட்டது.

என் பெரியவரின் கையில் இருப்பது இப்போது முழுக் கத்தி இல்லை. எஃகுப் பிடி ஒன்று. அதில் இருபுறக் கூருள்ள பிளேடைக் காகித உறையோடு வளைத்துப் பட்டென்று ஒடித்த பாதி. 1990-களில் எய்ட்ஸ் பயம் பரவியபோது ஆளுக்கொரு பிளேடு என்பது வழக்கமாகத் தொடங்கியது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த இடத்திலும் ஏழு நாள் உயிரோடிருக்கும் என்பதால் அது சரியான மாற்றம்தான். தோல் பட்டையில் தீட்டும் சத்தம் மட்டும் போய்விட்டது. சுவரோரப் பெட்டியில் அவருடைய அப்பாவின் சாணைக்கல்லும் கத்தியும் துணியில் சுற்றிக் கிடக்கின்றன. நாவிதரின் பையைத் தமிழில் அடைப்பம் என்போம், வெற்றிலைப் பைக்கும் அதே பெயர். கன்னடத்தில் 'ஹடப', அங்கும் அதே இரண்டு பொருள். அந்தப் பையில் கத்தியோடு கட்டி கீறும் கருவியும் இருந்த காலம் உண்டு. தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. 0.1 மில்லிமீட்டர் பிளேடு பழைய கத்தியைவிடக் கூர். ஆனால் மோவாயில் துடிக்கிறது, பழைய கத்தியின் கனம் இதில் இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார்.

கடைசியில் படிகாரம். ஈரமான கட்டியை முகம் முழுக்க இழுப்பார். அதிலுள்ள அலுமினிய அயனிக்கு மூன்று நேர்மின்னூட்டம். புரதங்களை அது திரளச் செய்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை அடைக்கிறது. கத்தி எங்கே மேல்தோலைக் கூடுதலாகச் சுரண்டியதோ அங்கே மட்டும் எரியும். அதனால் அவர் அப்போது என் முகத்தைக் கண்ணாடியில் உற்றுப் பார்க்கிறார்.

"உரியுத்தா சார்?"

இடப்பக்கத் தாடைக்குக் கீழே ஒரு காசளவு இடத்தைக் காட்டினேன். இடக்கைக் கட்டைவிரலை அங்கே வைத்து, ஒரு பக்கம் தடவி, மறு பக்கம் தடவினார்.

"அல்லி சுளி இதெ," என்றார், தனக்குத்தானே.